நிரப்பிய மையும் நனைந்த மனுவும்



தீர்ந்துபோன பிரிண்டர் கார்ட்ரிட்ஜில் வீட்டிலேயே சிரிஞ்ச் கொண்டு மை நிரப்பிப் பயன்படுத்தலாமா என்று நண்பர்கள் சிலர் அவ்வப்போது என்னிடம் கேட்பதுண்டு. ஏழாண்டுகளாக அதைச் செய்துவருபவன் என்பதால் தாராளமாகச் செய்யலாம் என்றே சொல்லிவந்தேன். இன்றும் அதுதான் என் பதில். ஆனால் சென்ற ஐப்பசியில் எங்கள் தெருவில் நடந்த ஒன்று, அந்தப் பதிலோடு வேறொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய கடமையை என்மீது ஏற்றிவிட்டது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் பள்ளி வேலைகளுக்காகவும், மாலை மதரஸாவின் வினாத்தாள்களுக்காகவும் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயில் ஒரு சிறிய பிரிண்டர் வாங்கினேன். மலிவாகக் கிடைத்ததென்று வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. அதனுடன் வந்த மை மூன்றே மாதத்தில் தீர்ந்தது. புதிய கார்ட்ரிட்ஜ் கேட்டுக் கடைக்குப் போனேன். கறுப்பு 850 ரூபாய், வண்ணம் 1,050 ரூபாய் என்றார் கடைக்காரர். இரண்டும் சேர்ந்தால் பிரிண்டரின் விலையில் பாதிக்கு மேல்! கறுப்புப் பெட்டியின் மேல் 195 பக்கங்கள் என்று அச்சிட்டிருந்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு நான்கு ரூபாய்க்கும் மேல் ஆகிறது. எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அப்போது பக்கத்துக்கு இரண்டு ரூபாய்தான் வாங்கினார்கள். அன்று கறுப்பை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் மனத்துக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி விலை வைப்பது தற்செயலன்று. பிரிண்டரைக் குறைந்த இலாபத்திலோ நட்டத்திலோ கொடுத்துவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் மையில் சம்பாதிப்பது இத்தொழிலின் அடிப்படை ஏற்பாடு. சவரக் கத்தியின் பிடியை மலிவாக விற்று பிளேடில் இலாபம் பார்ப்பது போன்றது. ஹெச்பி நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த என்ரிக் லோரஸ் இதனை மறைக்கவுமில்லை. 2024 ஜனவரியில் அளித்த ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஒவ்வொரு வாடிக்கையாளரும் தங்களுக்கு ஒரு முதலீடு என்றும், தங்கள் மையை வாங்காத வாடிக்கையாளர் மோசமான முதலீடு என்றும் பொருள்படப் பேசினார். அந்தக் கணக்கின்படி நான் ஏழாண்டுகளாக மோசமான முதலீடு!

சிரிப்புக்கு அப்பால், இதில் மனசாட்சியை உறுத்தக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பின் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் அதை எழுப்பினார். “நட்டத்துக்கு மெஷினைத் தந்தவன், நீ மையை அவனிடம் வாங்குவாய் என்ற நம்பிக்கையில் தந்திருக்கிறான். மெஷினை வாங்கிக்கொண்டு மையை வேறு இடத்தில் வாங்கினால் அது நம்பிக்கை மோசடி ஆகாதா, தம்பி?” வணிகத்தில் நேர்மையை வாழ்நாள் முழுதும் காத்த மனிதர் அவர். ஆகவே அந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை.

யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது. விற்பவன் மனத்துக்குள் வைத்திருக்கும் எதிர்பார்ப்பு வேறு. வாங்குபவன் வாய்விட்டுக் கொடுத்த வாக்கு வேறு. பிரிண்டர் வாங்கியபோது உங்கள் மையை மட்டுமே வாங்குவேன் என்று நான் எவரிடமும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. விலை கேட்டார்கள், கொடுத்தேன், பொருள் என்னுடையதாயிற்று. வீட்டுக்குப் போய் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில் எதை நிரப்புகிறேன் என்பது, வாங்கிய ஊறுகாய் ஜாடியில் மல்லித்தூள் போட்டுவைப்பதைப் போன்றதே. மார்க்கத் தீர்ப்பு வேண்டுவோர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். நான் சொல்வது ஒரு சாதாரண மனிதனின் கருத்து.

உலக நீதிமன்றங்களிலும் இந்த வழக்கு நெடுநாள் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் என்னும் நிறுவனம், காலியான டோனர் கார்ட்ரிட்ஜ்களை வாங்கி நிரப்பி விற்ற இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்னும் சிறிய நிறுவனத்தின்மீது காப்புரிமை வழக்குத் தொடுத்தது. 2017 மே மாதம் 30ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு பொருளை விற்ற கணமே அதன்மீதுள்ள காப்புரிமை தீர்ந்துவிடுகிறது என்று கூறி, சிறிய நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2020 நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் எப்சன் கார்ட்ரிட்ஜ்கள் தொடர்பான வழக்கில் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தது. ஆனால் 2007இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம், கேனான் கார்ட்ரிட்ஜ்களை மீண்டும் நிரப்பி இறக்குமதி செய்து விற்ற நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்றுமே நிரப்பி வணிகம் செய்தவர்களைப் பற்றிய வழக்குகள். வீட்டில் தம் தேவைக்கு நிரப்பிக்கொள்பவரைப் பற்றியவை அல்ல.

லெக்ஸ்மார்க் வழக்கில் என் கவனத்தை ஈர்த்தது தீர்ப்பைவிட அதன் பின்னணி. அந்நிறுவனம் ஒரே கார்ட்ரிட்ஜை இரண்டு விதமாக விற்றது. முழு விலை கொடுத்தால் எந்த நிபந்தனையும் இல்லை. தள்ளுபடி விலையில் வேண்டுமானால், ஒரு முறைக்கு மேல் பயன்படுத்த மாட்டேன், காலியானதை வேறு எவருக்கும் தர மாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். காப்புரிமைச் சட்டத்தைக் கொண்டு இந்த நிபந்தனையை நிலைநாட்ட முடியாது என்றுதான் நீதிமன்றம் கூறியது. தள்ளுபடியைப் பெற்றுக்கொண்டு வாக்குக் கொடுத்த மனிதனின் வாக்கு என்னாவது? சட்டம் அவனை விட்டுவிடலாம். ஆனால் நம்மவர் ஒருவர் அப்படி ஒப்புக்கொண்டு குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால், அவர் நிரப்பக் கூடாது என்பதே என் எண்ணம். அதேபோல், சில நாடுகளில் மாதச் சந்தா கட்டினால் கார்ட்ரிட்ஜ் வீடு தேடி வருகிறது. அது கடைசிவரை நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும். அதில் சிரிஞ்சைச் செருக நமக்கு உரிமையில்லை. பெரியவரின் கேள்விக்கு என்னால் முடிந்த விடை இவ்வளவுதான்: வாக்குக் கொடுத்திருந்தால் காக்க வேண்டும், கொடுக்காத வாக்கை நம் கழுத்தில் கட்ட எவருக்கும் உரிமையில்லை.

நிறுவனங்களும் இவ்விஷயத்தில் மாசற்றவை அல்ல. 2016 செப்டம்பரில் ஹெச்பி பிரிண்டர்கள் பலவற்றில், வெளியார் சிப் பொருத்திய கார்ட்ரிட்ஜ்கள் திடீரென ஒரே நாளில் வேலை செய்யாமற்போயின. பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருள் அவற்றை மறுக்குமாறு செய்யப்பட்டிருந்தது. வாங்கியவர்களுக்கு அது முன்கூட்டித் தெரியாது. இத்தகைய கட்டுப்பாடுகளை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதற்காக, இத்தாலியின் போட்டிக் கட்டுப்பாட்டு ஆணையம் 2020இல் ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. குறையைச் சொல்லாமல் விற்றதே குற்றமாயிற்று. இந்தச் சொல்லாமை என்னும் குற்றத்துக்குப் பிறகு வருகிறேன். ஏனெனில் நானும் அதில் மாட்டிக்கொண்டேன்.

இனி, வேலையைப் பற்றிச் சில சொற்கள். செய்ய விரும்புவோருக்குப் பயன்படலாம்.

எங்கள் வீட்டில் இருப்பது மை பீச்சும் தலை கார்ட்ரிட்ஜின் அடியிலேயே அமைந்த வகை. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அங்கே வரிசையாக உள்ளன. ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு மிகச்சிறிய சூடேற்றி இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் மை ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் கொதித்துக் குமிழியாகி, ஒரு துளியைத் தாளின்மீது தள்ளுகிறது. அந்தச் சூடேற்றியைக் குளிர்விப்பதும் அதே மைதான். மை இல்லாத நிலையில் தொடர்ந்து அச்சிட்டால் சூடேற்றி கருகிவிடும். பிறகு எத்தனை முறை நிரப்பினாலும் பயனில்லை. எனவே எழுத்து வெளிறத் தொடங்கியதுமே நிறுத்தி நிரப்பிவிட வேண்டும். கடைசிச் சொட்டுவரை இழுத்துப் பார்க்கும் சிக்கனம் இங்கே நட்டத்தில் முடியும். நான் பாழாக்கிய முதல் கார்ட்ரிட்ஜ் அப்படித்தான் போனது.

கார்ட்ரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கும் தாளை மெல்ல உரித்தால் சிறு துளைகள் தெரியும். உள்ளே மையைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பஞ்சு. ஊசியைப் பஞ்சுக்குள் இறக்கி, மிக மெதுவாகத் தள்ள வேண்டும். சிறிய கறுப்புக்கு ஐந்து மில்லி போதும். வண்ணத்தில் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு மில்லியைத் தாண்ட வேண்டாம். அவசரப்பட்டுத் தள்ளினால் காற்றுக் குமிழி உள்ளே தங்கிவிடும். அதிகம் தள்ளினால் பஞ்சின் பிடி தளர்ந்து, அடியிலிருந்து மை ஒழுகும். ஒருமுறை அப்படி ஒழுகியதில் மேசைவிரிப்பு, என் வேட்டி, மகளின் கணக்கு நோட்டு மூன்றும் நீலமாயின. பழைய செய்தித்தாளைக் கனமாக விரித்து, கையுறை போட்டுக்கொண்டு அமருங்கள். வண்ணக் கார்ட்ரிட்ஜில் எந்தத் துளை எந்த நிறத்துக்கு என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். ஊகிக்காமல் ஒரு பல்குத்தியை விட்டு எடுத்து நிறத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. மஞ்சள் அறையில் ஒரு சொட்டு நீலம் விழுந்தாலும் பிறகு அச்சில் வரும் முகங்கள் எல்லாம் பச்சை பூத்திருக்கும்.

நிரப்பிய பின் அடிப்பகுதியை ஈரத் துணியில் ஒற்றி எடுத்து, செம்பு நிற மின்தொடர்புப் புள்ளிகளை நன்கு துடைத்துப் பொருத்தலாம். பழைய கார்ட்ரிட்ஜ், மை இல்லை என்றெல்லாம் கணினித் திரை எச்சரிக்கும். பீச்சிய மைத்துளிகளை எண்ணிக்கொண்டு வந்த கணக்கிலிருந்து அது சொல்வது. நீங்கள் ஊற்றியது அதற்குத் தெரியாது. எங்கள் மாதிரியில் சரி என்று அழுத்தினால் அச்சிடுகிறது. சிப் கணக்கு முடிந்ததும் அறவே மறுத்துவிடும் மாதிரிகளும் உண்டு. அவற்றில் இந்த வேலையைத் தொடங்காமலிருப்பதே மேல். வாரம் ஒரு முறையாவது ஒரு பக்கம் அச்சிடுங்கள். கோடையில் பத்து நாள் சும்மா விட்டால் மை துளைகளில் காய்ந்துவிடும். அதைத் திறக்க ஓடும் ஒவ்வொரு சுத்திகரிப்பிலும் நிரப்பிய மையில் ஒரு பங்கு வீணாகிறது.

உண்மையில் எவ்வளவு மிச்சம்? என் அனுபவத்தில் ஒரு கார்ட்ரிட்ஜ் ஐந்தாறு முறை நிரப்புவதைத் தாங்கும். பிறகு துளைகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொள்ளும், எழுத்தில் வெள்ளைக் கோடு விழும். நூறு மில்லி கறுப்பு மை 150 ரூபாய். சிந்தியது, காய்ந்தது, பாழான தாள் எல்லாம் சேர்த்தாலும் பக்கத்துக்கு ஒரு ரூபாயைத் தாண்டவில்லை. மாதம் 30 பக்கம், ஆண்டுக்கு 360 பக்கம் என்று வைத்துக்கொண்டால், புதிய கார்ட்ரிட்ஜ்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,570 ரூபாய், நிரப்பினால் 360க்குள். ஜெராக்ஸ் கடையில் இரண்டு ரூபாய் வீதம் 720. ஆக, கடையோடு ஒப்பிட்டால் நான் ஆண்டுக்கு மிச்சப்படுத்துவது 360 ரூபாய். ஏழாண்டுகளாக நான் பெருமையடித்துக்கொண்ட சேமிப்பின் உண்மை அளவு இதுதான். மனைவியிடம் இந்தக் கணக்கைக் காட்டியபோது, “வேட்டி ரெண்டு போச்சே, அதையும் எழுதுங்க” என்றாள்.

மை தொட்டியுடன் வரும் பிரிண்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவில் கடைக்காரர்கள் பிரிண்டரின் பக்கத்தில் மைப் புட்டிகளை வைத்து, குழாய் இழுத்து, மை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மக்களின் கைவேலையைத் தடுக்க முடியாத எப்சன் நிறுவனம், 2010இல் தானே தொட்டி வைத்த பிரிண்டரை அந்த நாட்டில்தான் முதலில் விற்கத் தொடங்கியது. இன்று மற்ற நிறுவனங்களும் அதே வழியில். எப்சனின் 65 மில்லி கறுப்புப் புட்டி ஒன்றில் 4,500 பக்கங்கள் வரும் என்பது நிறுவனத்தின் கணக்கு. பக்கத்துக்குப் பத்துப் பைசா அளவில்தான் ஆகும். இப்போது எல்லோரும் சட்டப்படி, நிறுவனத்தின் ஆசியோடு வீட்டிலேயே மை ஊற்றிக்கொள்கிறார்கள்! சிரிஞ்ச் பிடித்த சாமானியர்களின் பிடிவாதமும் சேர்ந்தே இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அந்தப் பிரிண்டரின் விலை பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. மதரஸாவுக்கோ டியூஷன் சென்டருக்கோ, மாதம் முந்நூறு நானூறு பக்கம் அச்சிடுவோருக்கோ அது தகும். மாதம் முப்பது பக்கத்துக்கு அதை வாங்கிவைப்பது, இரண்டு பேருக்குச் சமைக்க வலீமா தேக்சாவை அடுப்பில் ஏற்றுவது போலாகும். மாதம் பத்துப் பக்கம்கூட அச்சிடாத குடும்பம் பிரிண்டரே வாங்காமல் தெருமுனைக் கடைக்குப் போகலாம். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் ரிஸ்க் வேண்டுமல்லவா?

இப்போது ஐப்பசிக்கு வருகிறேன்.

வீட்டில் பிரிண்டர் இருக்கிறது, மை மலிவு என்று ஆனதும் தெருவில் பலர் வரத் தொடங்கினார்கள். ஆதார் நகல், பள்ளி விண்ணப்பம், பயணச்சீட்டு. நானும் கிதுமத் என்று நினைத்து மகிழ்ச்சியோடு செய்து கொடுத்தேன். எதிர்வீட்டு மாமி கணவரை இழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பீடி சுற்றிப் பிழைக்கிறார். விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பித்துப் பல மாதங்கள் ஆகியும் பதில் இல்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். மனுவை நானே எழுதி, கணினியில் அடித்து, எங்கள் பிரிண்டரில் அச்சிட்டு, குடும்ப அட்டையின் நகலையும் சேர்த்துக் கொடுத்தேன். மாமி பத்து ரூபாயை நீட்டினார். வேண்டாமென்றேன். “மைக்காவது வச்சுக்கோ வாப்பா” என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நானும் எடுத்துக்கொண்டேன்.

அன்று காலை நல்ல மழை. பேருந்து நிறுத்தத்தில் நின்றதில் மாமியின் துணிப்பை நனைந்திருக்கிறது. மனுவைப் பதிவு செய்யும் மேசையில் பிரித்துப் பார்த்தால் பாதி எழுத்து நீலமாகப் பரவிக்கிடந்தது. விண்ணப்ப எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருந்த வரிகளே கரைந்துபோயிருந்தன. தெளிவான மனுவோடு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. படிக்க முடியாத எண்ணை அவர்கள் எங்கே பதிவது? மாமிக்கு அன்றைய பீடிக் கூலி போயிற்று. அடுத்த திங்கள் தீபாவளி விடுமுறையாகிவிட்டது. இரண்டு வாரம் தள்ளிப்போய், மறுபடியும் ஒரு நாள் கூலி போயிற்று.

ஏன் கரைந்தது என்பது எனக்குத் தெரியாத ஒன்றல்ல. கார்ட்ரிட்ஜ் மையில் இரு வகை உண்டு. ஒன்றில் நிறம் நீரில் முற்றிலும் கரைந்த சாயமாக இருக்கும். மற்றதில் நுண்ணிய நிறமித் துகள்களாக மிதக்கும். அது காய்ந்தபின் தாளின் இழைகளில் தங்கி, நீர் பட்டாலும் பெருமளவு நிலைக்கும். பல நிறுவனங்கள் கறுப்புக்கு இரண்டாம் வகையைத்தான் வைக்கின்றன. கடையில் 150 ரூபாய்க்குக் கிடைக்கும் நிரப்பு மை பெரும்பாலும் முதல் வகை. நான் வாங்கியதும் அதுவே. புட்டியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது. பிள்ளையின் வரைபடத்துக்கு அது போதும் என்று வாங்கினேன், போதுமாகத்தான் இருந்தது. அதே மையில் ஒரு பெண்ணின் மனுவை அச்சிட்டுக் கொடுத்தபோது, மாமி இதை நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் கடையில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஜெராக்ஸ் இயந்திரத்தின் டோனர் பிளாஸ்டிக் கலந்த தூள். சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிவிடும். மழை அதை எளிதில் கரைக்காது. இரண்டு ரூபாயில் முடிந்திருக்கும்.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி நம்மில் பலருக்கும் தெரியும். கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். சிறுவயதிலிருந்து எத்தனையோ ஜும்ஆ பயான்களில் கேட்டது. ஒவ்வொரு முறையும் எங்கோ இருக்கும் ஒரு கலப்படக்காரரைப் பற்றியே நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். நனைந்த மனுவை மாமி என் மேசைமேல் விரித்தபோது, அதே பத்து ரூபாய்த் தாள் என் சட்டைப்பையில் இருந்ததா செலவாகிவிட்டதா என்று யோசித்தேன்.

எனக்குத் தீய எண்ணம் இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் குறையுள்ள பொருள் என்று எனக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. என் வீட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்க நான் ஏற்றுக்கொண்ட குறையை, என் பிள்ளைகள்மீது சுமத்த எனக்கு உரிமை உண்டு. அவர்களின் நோட்டு நனைந்தால் நாங்கள் மறுபடி எழுதிக்கொள்வோம். மாமியின் தலையில் சுமத்த அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

இதே கண்ணோடு பார்த்தால் நம்மிடையே சாதாரணமாக நடக்கும் சில செயல்கள் அவ்வளவு சாதாரணமாகத் தெரியவில்லை. காலிப் பெட்டியில் மை நிரப்பி, புதிய அட்டைப்பெட்டியில் போட்டு, ஒரிஜினல் என்று விற்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது எல்லோருக்கும் தெரிந்த களவு. நிரப்பியது என்று சொல்லி, குறைந்த விலைக்கு விற்பவர் ஹலாலான தொழில் செய்கிறார். அவரை ஆதரிக்க வேண்டும். ஆனால் வெளிமை ஒழுகி உட்பாகம் கெட்டுப்போன பிரிண்டரை நன்கு துடைத்து, பழைய ஒரிஜினல் கார்ட்ரிட்ஜைப் பொருத்தி, தானாகவே பழுதாகிவிட்டது என்று சொல்லி வாரண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். கொள்ளை இலாபம் அடிப்பவன்தானே என்று அதற்கு நியாயமும் சொல்கிறார்கள். அவன் விலையைக் கூட்டி வைத்தது அவன் கணக்கு. நாம் சொல்லும் பொய் நம் கணக்கில் அல்லவா எழுதப்படும்?

ஜமாஅத், மதரஸா அலுவலகங்களில் மை நிரப்பும் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொதுப்பணத்தில் சிக்கனம் பாராட்டுக்குரியது. எனினும் நிக்காஹ் பதிவின் நகல், சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் போன்று இருபது ஆண்டு கழித்து ஒருவர் தேடி வரக்கூடிய தாள்களைச் சாய மையில் அச்சிடாதீர்கள். நீர் பட்டால் கரையும்; வெயில் பட்டால் மங்கும். பாக்கப்போனால், அந்தத் தாளை நம்பி ஒரு பெண்ணின் கடவுச்சீட்டோ ஒரு பிள்ளையின் வாரிசுரிமையோ நிற்கும். அதற்கு நிறமி மையோ லேசர் அச்சோ வேண்டும். ரமளான் நேர அட்டவணை ஆயிரம் பிரதி என்றால் அச்சகத்துக்கே போய்விடுங்கள். சென்ற ஆண்டு அதையும் நிரப்பிய மையில் ஓட்டிப் பார்த்து இரண்டு கார்ட்ரிட்ஜை எரித்த ஓர் அன்பர் உண்டு. அவர் இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகும் சிரிஞ்சை நான் தூக்கி எறியவில்லை. ஐந்து முறை நிரப்பிய ஒரு கார்ட்ரிட்ஜ், குப்பைக்குப் போகாமல் தப்பிய ஐந்து கார்ட்ரிட்ஜ்களுக்குச் சமம். பிளாஸ்டிக், உலோகம், மின்தகடு எல்லாம் சேர்ந்த பொருள் அது. பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜையும் மின்னணுக் கழிவாகவே நம் நாட்டு விதிகள் கணக்கிடுகின்றன. ஆனால் நம் தெருக்களில் அது மீன் கழிவோடு ஒரே தொட்டியில்தான் விழுகிறது. நன்றாக இருக்கும் ஒன்றை, உள்ளே இருந்த ஐந்து மில்லி திரவம் தீர்ந்தது என்பதற்காக எறிவதை வீண்விரயம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? வீண்விரயத்தைக் கண்டித்த மார்க்கம் கஞ்சத்தனத்தையும் கண்டித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம் குறுகலானது. மை நிரப்பும் வேலையில் அது ஒரு சிரிஞ்ச் ஊசியின் பருமன்தான் இருக்கிறது.

வீட்டில் இப்போது சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். கறுப்புக்கு மட்டும் நிறமி மை வாங்குகிறேன். விலை ஏறத்தாழ இரட்டிப்பு. பழைய சாய மை எச்சத்தோடு கலந்தால் கட்டி தட்டி அடைத்துக்கொள்ளும் என்பதால், அதற்கென்று புதிய கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கித் தொடங்கினேன். அச்சிட்ட தாள் ஒன்றின்மீது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பிறருக்குக் கொடுக்கிறேன். நீங்களும் இன்றே உங்கள் வீட்டுப் பிரிண்டரில் செய்து பார்க்கலாம். பிரிண்டரின் மேல் ஒரு சிறு அட்டையும் ஒட்டியிருக்கிறேன்: “இங்கே நிரப்பிய மையில் அச்சிடப்படுகிறது. முக்கியமான தாள்களைக் கடையில் எடுத்துக்கொள்ளவும்.” அதைப் பார்த்து வருவோரின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைக் கண்டால் இப்போது கூடுதல் அன்போடு ஸலாம் சொல்கிறார்.

மாமியின் மனுவை அடுத்த முறை கடையில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, நானே கூடப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ரசீதும் கிடைத்தது. இரண்டு நாள் கூலியை அவரிடம் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல், பத்து ரூபாயையும் சேர்த்து ஒரு கவரில் போட்டு நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார்.

“மழைக்கு நீ என்ன வாப்பா பண்ணுவே?” என்றார்.

மழையால் அல்ல மாமி, என் மையால் என்று அன்றுதான் விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்போ போன வருஷம் நீ அடிச்சுக் கொடுத்த என் மவன் சர்ட்டிபிகேட் நகலும் அப்படித்தானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதை மறுபடி எடுத்துத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய், பீரோவிலிருந்து ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.